அஞ்செட்டி வழியாகக் காவிரிக்கு: கூடாரமும் தூண்டிலும்

பொங்கல் முடிந்து ஒரு வாரம் கழித்துக் கிளம்புங்கள். ஓசூரிலிருந்து மலைவழியாகக் காவிரிக்கு இறங்கி, எங்காவது கூடாரம் போட்டுத் தங்கி, தூண்டிலும் வீசிவிட்டுத் திரும்ப வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பித் திறந்துவிட்ட வெள்ளமெல்லாம் வடிந்து ஆறு தெளிந்திருக்கும். ராகி அறுவடை பெரும்பாலும் முடிந்து, களத்தில் கதிர் அடித்துக்கொண்டிருப்பார்கள். அவரை சீசன் கடைசிக் கட்டத்தில் இருக்கும், அதனால் வழியில் சாப்பாட்டுக் கடைகளில் களியும் பிதுக்கம்பருப்புக் குழம்பும் கிடைக்கலாம். ஒகேனக்கல்லை நிறைத்த பொங்கல் கூட்டமும் ஊர் திரும்பியிருக்கும்.

சிப்காட் பக்கம் வேலை பார்க்கிற நண்பர்கள் சிலர் ஃப்ளை ராடு வாங்கி வைத்திருக்கிறார்கள். நியூசிலாந்திலும் அமெரிக்க மலைகளிலும் முழங்கால் தண்ணீரில் நின்று கயிற்றைச் சுழற்றி வீசும் வீடியோக்களைப் பார்த்து வந்த ஆசை. கூடாரமும் வாங்கியாயிற்று. இரண்டும் பரண்மேல் கிடக்கின்றன. "நம்ம பக்கம் இதெல்லாம் நடக்குமா?" என்று கேட்கிறார்கள். நடக்கும். மலை இருக்கிறது, காட்டுச் சாலை இருக்கிறது, உலகத்துத் தூண்டில்காரர்கள் தேடி வந்த மீன் ஒன்று நம் ஆற்றிலேயே இருந்தது. ஆனால் எந்தத் தண்ணீரில் தூண்டில் போடலாம், எதில் போடக்கூடாது என்பதைத் தெளிவாக்கிக்கொண்ட பிறகுதான் மற்ற திட்டத்தைப் போட வேண்டும். இந்தப் பதிவில் பாதி அதைப் பற்றித்தான்.

முதலில் சாலை.

ஓசூரிலிருந்து ஒகேனக்கல்லுக்கு எல்லோரும் போவது கிருஷ்ணகிரி, தருமபுரி, பென்னாகரம் வழி. ஏறக்குறைய 140 கிலோமீட்டர், பெரும்பகுதி நாற்கரச் சாலை. நான் சொல்லும் வழி தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாகப் போவது. ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான். ஆனால் நேரம் குறையாது, குறைய வேண்டியதும் இல்லை. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒகேனக்கல் 250 மீட்டர் அளவில். இந்த இறக்கம் முழுவதையும் நீங்கள் மேலகிரி மலைக்காட்டுக்குள்ளேயே இறங்குகிறீர்கள். தேன்கனிக்கோட்டையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டீ குடித்தவர் நாட்றாம்பாளையம் தாண்டியதும் அதைக் கழற்றிவிடுவார். மேலே மூங்கிலும் உயர்ந்த மரங்களும், கொஞ்சம் இறங்கினால் முட்புதரும் பாறையும், ஆற்றங்கரைக்கு வந்ததும் வெள்ளைத் தண்டோடு நிற்கும் நீர்மருது மரங்கள். ஒரே முற்பகலில் மூன்று விதமான காட்டைப் பார்க்கலாம். அந்த நீர்மருதில்தான் சாம்பல் நிற மலை அணில் கூடு கட்டுகிறது. தமிழ்நாட்டில் அதைப் பார்க்கக்கூடிய இடங்கள் குறைவு, அவற்றில் இந்தக் கரையும் ஒன்று.

தேன்கனிக்கோட்டையில் கொஞ்சம் நின்று போங்கள். பேட்டராய சுவாமி கோயில் இருக்கிறது. டீக்கடையில் காது கொடுத்தால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே பெஞ்சிலிருந்து கேட்கும். எல்லை ஊர்களின் அழகு அது. பெட்ரோல், தண்ணீர், மருந்து எல்லாவற்றையும் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அஞ்செட்டியில் கடைகள் உண்டு, அதன் பிறகு குறைந்துவிடும். செல்போன் சிக்னல் பல இடங்களில் போய்விடும், அதனால் வரைபடத்தை முன்னாலேயே போனில் இறக்கி வைப்பது நல்லது.

தேன்கனிக்கோட்டைக்கும் அஞ்செட்டிக்கும் நடுவே வரும் காட்டில் வண்டியை நிறுத்தி இறங்காதீர்கள். இந்தக் காடு பன்னேருகட்டாவிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக வரும் யானைகளின் பாதை. அக்டோபர் வாக்கில் கர்நாடகப் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக இறங்கும் யானைகள் ராகிப் பருவம் முழுக்க இந்தப் பக்கம்தான் சுற்றும். பகலில் காட்டுக்குள் நிற்கும், இருட்டியதும் வயலுக்கு வரும். மாலை ஆறு மணிக்குள் காட்டுச் சாலையைக் கடந்துவிடுவது என்பதைப் பயணத் திட்டத்தின் அசையாத விதியாக வைத்துக்கொள்ளுங்கள். இருசக்கர வாகனம் என்றால் ஐந்து மணிக்கே.

கென்னத் ஆண்டர்சனைப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர்ப் பலகைகள் ஒவ்வொன்றும் பழக்கமானதாக இருக்கும். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, குண்டாலம் எல்லாம் அவர் கதைகளில் வருபவை. 1910-இல் பிறந்து 1974-இல் இறந்த அந்த பெங்களூர்க்காரர், விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே இந்தக் காடுகளில் சுற்றியவர். அவருடைய முதல் புத்தகம் 1954-இல் வந்தது. தொழிற்சாலை வேலையும் காட்டு வாசமுமாக வாழ்ந்தவர் என்பதால் ஓசூர்க்காரர்களுக்கு அவர் இன்னும் நெருக்கமானவர் என்று எனக்குத் தோன்றும். அவர் மாதிரி ஓடைக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கும் ஆசை அவரைப் படித்த எல்லோருக்கும் வரும். அந்தக் காலம் முடிந்துவிட்டது. 2014-இல் இந்த மலைத்தொடரின் 504 சதுர கிலோமீட்டர் பரப்பு காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் ஆனது. 2022 நவம்பரில் அதை ஒட்டி 686 சதுர கிலோமீட்டருக்குக் காவிரி தெற்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டது. ஆற்றின் அந்தக் கரையில் கர்நாடகத்தின் காவிரி சரணாலயம் 1987 முதலே இருக்கிறது. ஆக, அஞ்செட்டியிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் காடு கிட்டத்தட்ட முழுவதும் பாதுகாக்கப்பட்ட பகுதி. அனுமதி இல்லாமல் சாலையை விட்டு உள்ளே போவதும், கூடாரம் போடுவதும், விறகு பொறுக்கித் தீ மூட்டுவதும் குற்றம். நான் இதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். பெங்களூரும் ஓசூரும் இரண்டு பக்கமும் விரிந்துகொண்டே வரும் இடத்தில் இவ்வளவு காடு தொடர்ச்சியாக மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம்.

அப்படியானால் இரவு எங்கே தங்குவது?

காட்டுக்குள் இரவு வேண்டும் என்றால் தேன்கனிக்கோட்டைப் பக்கம் அய்யூரில் வனத்துறை விடுதி இருக்கிறது. ஓசூர் வனக்கோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்க வேண்டும். நடக்க ஆசைப்படுபவர்களுக்கு, 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளில் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாதைகளும் உண்டு. பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம். காவிரியின் கரையிலேயே கூடாரத்தில் படுக்க வேண்டும் என்பவர்கள் கர்நாடகப் பக்கம் போக வேண்டியதுதான்: ஓசூரிலிருந்து ஆனேக்கல், ஹாரோஹள்ளி, கனகபுரா வழியாக அர்க்காவதி காவிரியில் சேரும் சங்கமா, அங்கிருந்து காலிபோரே. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் அங்கே ஆற்றங்கரையில் கூடார முகாம் நடத்துகிறது. பீமேஸ்வரி, தொட்டமக்களி ஆகியவையும் அவர்களுடையவை. செலவு கொஞ்சம் கூடும். ஆனால் சட்டப்படி, பயமில்லாமல், காவிரிச் சத்தத்தில் தூங்கலாம்.

மூன்றாவது வழி, எனக்குப் பிடித்த வழி, காட்டை விட்டு வெளியே வந்துவிடுவது. ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரம், பாலக்கோடு வழியாகக் காவேரிப்பட்டணம் பக்கம் வந்தால் எங்கு பார்த்தாலும் மாந்தோப்பு. தோப்புக்காரரிடம் பேசி அனுமதி வாங்கி அங்கே கூடாரம் போடுங்கள். ஜனவரியில் மரமெல்லாம் பூவாக நிற்கும், அந்த வாசனைக்காகவே போகலாம். ஒன்றை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: மருந்து அடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று. பூக்கும் பருவத்தில்தான் தத்துப்பூச்சிக்கு மருந்து தெளிப்பார்கள். நேற்று தெளித்த தோப்பில் இன்று படுக்கக் கூடாது. ராகி வயல் ஓரமாக, காட்டை ஒட்டிய நிலத்தில், "நம்ம நிலம்தான், படுத்துக்கோங்க" என்று யார் அன்பாகச் சொன்னாலும் வேண்டாம். அறுவடை முடிந்த வயலுக்கும் யானை வரும். விவசாயிகளே பரண்மேல்தான் படுக்கிறார்கள்.

இனி ஆறு.

செய்திகளில் பிலிகுண்டுலு என்ற பெயர் வராத நாளே இருக்காது. "பிலிகுண்டுலுவில் நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி" என்று வாசிக்கிறார்களே, அந்த ஊர் இந்தக் காட்டுக்குள்தான், அஞ்செட்டிப் பக்கம் இருக்கிறது. மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம் அங்கே இருக்கிறது. கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று தீர்ப்பளித்ததே, அந்தக் கணக்கைப் பார்ப்பது இங்கேதான். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பிருந்து அந்த எண்ணைக் கவனியுங்கள். வரத்து கூடினால் ஒகேனக்கல்லில் பரிசலுக்கும் குளியலுக்கும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும். மேலே எங்கோ மழை பெய்து, இங்கே வெயில் காயும்போதே ஆறு ஏறும். வறண்ட பாறையில் நிற்கும்போது தண்ணீரின் நிறம் மாறினால் உடனே கரைக்கு வந்துவிடுங்கள்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்த பிறகு, கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் ஃப்ளோரைடு கலந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்ட ஊர்களுக்கெல்லாம் இந்த ஆறுதான் குழாய் வழியாகப் போகிறது. சுற்றுலா இடமாக மட்டுமே இதைப் பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றும். நாம் போய்ப் பார்க்கப்போவது நம் வீட்டுத் தண்ணீரின் பிறந்த வீடு.

அந்தத் தண்ணீரில் இருந்த மீனைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும்.

மஹ்சீர். கெண்டைக் குடும்பத்தில் பெரியது. பாறை நிறைந்த வேகமான ஆற்றில் வாழும். உள்ளங்கை அகலச் செதில், தடித்த உதடு, தூண்டிலில் மாட்டினால் நீரோட்டத்தோடு ஒரே இழுவையாக இழுத்துக்கொண்டு போகும் பலம். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சலிவன் தாமஸ் 1873-இல் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் எழுதினார். அதில் நாயகனே மஹ்சீர்தான். 1946-இல் மைசூரின் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கபினியில் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ மஹ்சீரைப் பிடித்தார். தூண்டிலில் பிடித்த மஹ்சீர்களில் இன்றுவரை பேசப்படுவது அதுதான். பிறகு நீண்ட காலம் வெளியுலகம் இதை மறந்திருந்தது. 1978-இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு இளைஞர் குழு காவிரியில் பெரிய மஹ்சீர்கள் இன்னும் இருப்பதைக் கண்டு எழுத, காலிபோரேவிலும் பீமேஸ்வரியிலும் தூண்டில் முகாம்கள் வளர்ந்தன. உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள்.

அந்த முகாம்களில் தூண்டிலுக்கு என்ன இரை தெரியுமா? ராகி. வேகவைத்துப் பிசைந்த ராகி மாவை எலுமிச்சை அளவு உருண்டையாக்கி, முள்ளைச் சுற்றி அப்பி, பாறைச் சந்து நீரோட்டத்தில் வீசுவார்கள். நாம் மதியம் சாப்பிடும் களிதான் அது. மீன் மாட்டியதும் அது இழுக்கும் பக்கமெல்லாம் பரிசலில் பின்தொடர்வார்கள். கூடவே வந்தவர்கள் இந்தக் கரை ஊர்க்காரர்கள். முன்பு வலையும் வெடியும் வைத்து மீன் பிடித்தவர்கள் சிலரே வழிகாட்டியாகவும் காவலாளியாகவும் மாறி, ஒவ்வொரு பாறைக்கும் பெயர் சொல்லக்கூடிய அளவுக்கு ஆற்றைப் படித்திருந்தார்கள். பிடித்த மீனை எடை பார்த்து, முகாமின் நோட்டில் எழுதிவிட்டு, உயிரோடு ஆற்றில் விட்டுவிடுவது அங்கே விதி.

அந்த நோட்டுகள்தான் பின்னால் பெரிய உண்மையைச் சொல்லின. காவிரியில் இரண்டு வகை மஹ்சீர்கள் இருந்தன. ஒன்று, ஆரஞ்சு நிறத் துடுப்பும் தலைக்குப் பின்னால் திமிலும் கொண்ட காவிரியின் சொந்த மீன். இன்னொன்று, நீலத் துடுப்பு மஹ்சீர், கிருஷ்ணா ஆற்றுப் பக்கத்து மீன். லோனாவாலாவில் டாடா நிறுவனத்தின் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்த குஞ்சுகளை 1970-களில் தொடங்கிக் காவிரியில் கொண்டுவந்து விட்டார்கள். ஆற்றில் மீன் பெருக வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்ததுதான். 1998 முதல் 2012 வரை காலிபோரே முகாமில் எழுதி வைத்த பிடிப்புக் கணக்கை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தபோது, வந்தேறிய நீலத் துடுப்பு பெருகிக்கொண்டே போனதும், திமில் மஹ்சீர் மறைந்துகொண்டே வந்ததும் தெரிந்தது. அந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. அதுவரை திமில் மஹ்சீருக்கு முறையான அறிவியல் பெயர்கூட உறுதியாகவில்லை. 2018-இல்தான் அது டோர் ரெமாதேவி என்று நிறுவினார்கள். அமராவதியில் சேரும் கேரளத்துப் பாம்பாற்றில் கண்டு முன்பே விவரிக்கப்பட்ட மீனும் இதுவும் ஒன்றே என்று தெரிந்தது. அதே ஆண்டு அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாக, உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ஏறியது. இப்போது அது உயிரோடு இருப்பதாக நம்பிக்கையோடு சொல்லக்கூடிய இடங்களில் முக்கியமானது மோயாறு.

பெயர் கிடைத்த அதே ஆண்டில் அழியப்போகிறது என்ற சான்றிதழும் கிடைத்த மீன். இதை எழுதும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு கனக்கிறது.

சரணாலயத்துக்குள் மீன் பிடிப்பதும் வேட்டைதான் என்று 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டு முகாம்களில் தூண்டில் நிறுத்தப்பட்டது. 2012-க்குப் பிறகு அந்த நோட்டுகளில் எழுத எதுவும் இல்லை. தூண்டில்காரர்கள் ஆற்றில் இருந்தவரை வெடி வைப்பவர்கள் வரப் பயந்தார்கள், அவர்களைத் துரத்திவிட்டதால் ஆறு காவல் இழந்தது என்று ஒரு வாதம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆற்றோடு தினமும் பழகிய கரை ஊர் ஆட்களை வனத்துறை காவலுக்கும் கணக்கெடுப்புக்கும் வைத்துக்கொண்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்பது என் கருத்து. ஆனாலும் இன்றைய நிலையில், எங்கோ மிஞ்சியிருக்கும் ஒரு திமில் மஹ்சீரின் வாயில் என் முள் மாட்டுவதை நான் விரும்பவில்லை. பிலிகுண்டுலு, ராசிமணல், ஊரிகம் பக்கம் எந்த ஓடையிலும் தூண்டிலை எடுக்காதீர்கள். "யாரும் பார்க்க மாட்டாங்க, வாங்க" என்று கூட்டிப்போக ஆள் கிடைப்பார்கள். போகாதீர்கள். அந்தக் கரையில் முதலையும் இருக்கிறது, நீர்நாயும் இருக்கிறது. பரிசலில் உட்கார்ந்து பார்ப்பதற்கே ஒரு நாள் போதாது.

ஃப்ளை ராடை எங்கே வீசுவது? ஏரியில்.

அதே தாமஸ் 1887-இல் இந்திய ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனியாக இன்னொரு புத்தகம் எழுதினார். மலை ஆற்று மஹ்சீரைக் கொண்டாடிய ஆள் ஊர் ஏரிக்கு ஒரு முழுப் புத்தகம் கொடுத்தார் என்பது எனக்கு மிகப் பிடித்த செய்தி. ராயக்கோட்டை, காவேரிப்பட்டணம் பக்கம் மழையை நம்பிய சின்ன ஏரிகள் நிறைய. மீன்பிடி உரிமை ஏலத்திலோ குத்தகையிலோ யாரோ ஒருவரிடம் இருக்கும். ஊருக்குள் போய் "ஏரியை யார் எடுத்திருக்காங்க?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். அவரைப் பார்த்துப் பேசி, ஒரு காலைக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டுப் போடுங்கள். பிடித்ததைத் திரும்ப விட்டுவிடுவேன் என்றால் பெரும்பாலும் சந்தோஷமாக விடுவார்கள். எனக்கு அனுமதி கொடுத்த ஒரு குத்தகைக்காரர் முள்ளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல புழு எங்கங்க?"

"புழு இல்லைங்கண்ணா, இறகுதான்."

"இறகத் தின்ன மீன் வருமா? சரி போடுங்க, நானும் பாக்கறேன்."

முதல் ஜிலேபிக் கெண்டை மேலே வந்து அந்த இறகை உறிஞ்சியபோது அவர் என்னைவிடச் சத்தமாகக் கத்தினார். பிறகு மதியம் வரை கரையை விட்டுப் போகவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போய் விழுகிறது. ஃப்ளையில் முள்ளுக்கு எடையே கிடையாது. கயிற்றுக்குத்தான் எடை. கோலை முன்னும் பின்னும் அசைத்து அந்தக் கயிற்றைக் காற்றில் விரித்து விரித்து, கடைசியில் பூச்சி இறங்குவது போல முள்ளை நீர்ப்பரப்பில் இறக்க வேண்டும். நம் ஏரி மீனுக்கு 4 அல்லது 5 எண் கோல் போதும். ஃப்ளையை வெளியூரிலிருந்து வரவழைக்கத் தேவையில்லை. 12-ஆம் எண் சின்ன முள், தையல் நூல், நாட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு ஒன்று. இறகின் அடிப் பஞ்சைக் கிள்ளி எறிந்துவிட்டு, காம்பை முள்ளின் கண் அருகே நூலால் கட்டி, இறகை நான்கு சுற்று சுற்றினால் ரோமம் எல்லாம் சிலிர்த்து நிற்கும். அது தண்ணீரில் மிதக்கும். உடலுக்கு மயிலிறகின் இழை சுற்றினால் வெயிலில் பச்சையாக மின்னும். முள்ளின் நுனியை அடுத்துள்ள எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். அப்போதுதான் மீனின் வாய் கிழியாமல் எடுத்து விட முடியும்.

ஜனவரியில் விடியற்காலையில் அவசரப்பட வேண்டாம். தண்ணீர் குளிர்ந்திருக்கும். வெயில் ஏறி ஒன்பது மணிக்கு மேல் ஆழம் குறைந்த ஓரங்களுக்கு ஜிலேபி வரும். மார்ச்சுக்குப் பிறகு போனால் இன்னொன்றைப் பார்க்கலாம்: ஓரத்துச் சேற்றில் தட்டு அளவில் வட்ட வட்டமாகப் பள்ளம் தோண்டி, ஒவ்வொன்றிலும் ஒரு ஆண் ஜிலேபி கறுத்த உடம்போடு காவல் நிற்கும். பக்கத்தில் எது விழுந்தாலும் பாயும். கோடை மழைக்குப் பின் ஈசல் கிளம்பும் மாலைகளில் கெண்டைகள் ஏரி முழுக்க மேலே வந்து வாய் திறக்கும். அன்றைக்குக் கையில் ஃப்ளை ராடு இருந்தால் அதைவிடப் பேறு இல்லை.

தண்ணீரைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். தென்பெண்ணை நந்திமலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் சாக்கடையையும் ஆலைக் கழிவையும் வாங்கிக்கொண்டு ஓசூருக்குள் வருகிறது. மழைக்காலங்களில் கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரை மலையாக எழுவதை ஓசூரில் பார்க்காதவர் இல்லை. அங்கே தூண்டில் போட எனக்கு மனசு வருவதில்லை. கீழே 1958 முதல் இருக்கும் கிருஷ்ணகிரி அணையும், நெடுங்கல் தடுப்பணை வழியாக நிறையும் பாரூர் ஏரியும் அதே ஆற்றுத் தண்ணீர்தான். பாரூர் அழகான பெரிய ஏரி, போய்ப் பாருங்கள். தூண்டிலுக்கு மழைநீர் ஏரிகளையே நான் தேடுவேன்.

லீவு அதிகம் இருப்பவர்கள், அசல் மலை ஓடையையும் டிரவுட் மீனின் நாட்டையும் பார்க்க நினைத்தால், பென்னாகரத்திலிருந்து மேட்டூர், அந்தியூர், கோபி, சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம், கோத்தகிரி என்று ஊர்வழியாகவே உதகைக்குப் போகலாம். வெள்ளைக்காரர்கள் தூண்டிலுக்காகவே கடல் தாண்டிக் கொண்டுவந்த மீன் டிரவுட். ஹெச்.சி. வில்சன் என்ற மீன்வள நிபுணரின் முயற்சியில் 1907-இல் அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் வந்தது. குளிர்ந்த, ஓடும் நீர் இல்லாவிட்டால் அது வாழாது. இங்கும் விதி அதேதான்: முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டில் கூடாது. மற்ற நீர்நிலைகளுக்கு உதகை மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். 2024 மே முதல் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் போகாதீர்கள். ஓசூரிலிருந்து இதற்குக் குறைந்தது ஐந்து நாள் ஒதுக்குங்கள். இரண்டு நாளில் ஓடுவது சுகமில்லை.

பையில் என்ன வைப்பது என்று கேட்பார்கள். சின்ன கேஸ் அடுப்பு, ஏனென்றால் விறகு எடுக்கக் கூடாது. ராகி மாவு, அவரைக்கொட்டை, வெங்காயம், உப்பு, நல்லெண்ணெய். இரவுக்குக் கம்பளி, பகலுக்குத் தொப்பி. தலையில் மாட்டும் டார்ச். ஃப்ளை வீசும்போது கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், பின்னால் போகும் முள் காற்றில் திரும்பி முகத்துக்கு வரும். குப்பைக்கு ஒரு சாக்குப் பை. மது வேண்டாம். ஆற்றங்கரைப் பாறைகளில் உடைந்த பாட்டில்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துச் சொல்கிறேன். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஏரி, எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன மீன், எவ்வளவு நீளம். காலிபோரே நோட்டுகளில் எழுதியவர்களும் இவ்வளவுதான் எழுதினார்கள்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஊரிகம், நாட்றாம்பாளையம், ஒகேனக்கல், பென்னாகரம் பக்கத்து வீடுகளில் பெரிய மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாத்தாவோ மாமாவோ நிற்கும் பழைய போட்டோ இருக்கலாம். உங்களுக்குத் தெரிந்த வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், எந்த வருடம், ஆற்றில் எந்த இடம் என்று பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டுப் படத்தின் பின்னால் எழுதி வையுங்கள். கலர்ப் படம் என்றால் துடுப்பு ஆரஞ்சா நீலமா என்று பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் ஒரு பிரதி எடுத்து, மீன்வளப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் யாருக்காவது அனுப்பிவிடுங்கள். திமில் மஹ்சீர் நம் கரையில் எதுவரை இருந்தது என்பதற்கு அப்படிப்பட்ட படங்களும் சாட்சி.